பத்துக்குப் பத்து

ஜூலை 3, வியாழன்

இதைப் படிக்கப்போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கல்லூரியில் ரெக்கார்டு நோட்டு எழுதியிருக்கிறேன். அதில் நோக்கம், செய்முறை, முடிவு என்று தலைப்புகள் இருக்கும். நான் இருக்க மாட்டேன்.

சாருலதா மேடம் சொன்னதால்தான் எழுதுகிறேன். மூன்று வருடமாக மேட்டுக்கொல்லை காலனியில் எங்கள் பல்கலைக்கழகம் குடிநீர் ஆய்வு செய்கிறது. மேடம் அதற்குத் தலைவர், நான் களப்பணியாளர். இந்த ஆய்வால் ஊர்மக்களுக்கு எவ்வளவு பயன் என்று அளந்து பார்க்க அடுத்த மாதம் டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது. களப்பணியாளரின் நாட்குறிப்பும் அவர்களுக்கு ஒரு சான்றாம்.

“மனசுல பட்டத எழுதும்மா வெண்ணிலா. தமிழ்லயே எழுது. யாரும் முழுசாப் படிக்கப்போறதில்ல, தடிமனா இருந்தாப் போதும்” என்றார் மேடம்.

தடிமனாக வர வேண்டும் என்பதற்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். அதற்கும் மன்னிக்கவும்.

ஜூலை 7, திங்கள்

காலனிக்குப் போனேன். பள்ளிக்கூடத்துப் போர்வெல்லிலும் தெருமுனை அடிபம்பிலும் பாட்டில்களில் தண்ணீர் பிடித்தேன். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். குடித்தால் ருசியாகவும் இருக்கும். அதில் ஃப்ளோரைடு அதிகம். சிறு வயதிலிருந்து குடிப்பவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழும். வயது ஏற ஏற முட்டி மடங்காது, கழுத்து திரும்பாது.

மாதம்மாள் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறார், நின்றுகொண்டேதான் பீடி இலை நறுக்குகிறார். நாங்கள் முதல்முதலில் போனபோது, வந்தவர்களை நம்பி வாயைத் திறந்து பல்லைக் காட்டியவர் அவர்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் திறந்தார்கள்.

இன்றைக்கு என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“பாப்பா, அந்தப் பேப்பர் என்னாச்சி?”

காவிரித் தண்ணீர்க் குழாய் ஊர்த்தெரு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. காலனிக்கு அடுத்த கட்டத்தில் என்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால், உங்கள் தண்ணீர் கெட்ட தண்ணீர் என்பதற்குப் பேப்பர் கொண்டுவா, பட்டியலில் முன்னால் சேர்க்கலாம் என்கிறார்களாம். ஆகஸ்ட் பதினைந்து கிராமசபையில் மனு கொடுக்கப் போகிறார்கள். எங்கள் ஆய்வு முடிவு ஒரு தாளில், முத்திரையோடு, அதற்குள் அவர்கள் கைக்கு வேண்டும்.

“எங்க பல்லே சொல்லுது. அவனுக்குப் பேப்பர் சொல்லணுமாம்” என்றார் பெருமாயி அக்கா. அவர் மாதம்மாள் அக்காவின் பக்கத்து வீடு. எதையும் சிரிக்காமல் சொல்லுவார், கேட்கிறவர்கள்தான் சிரிக்க வேண்டும்.

மேடத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

மேடம் கூட்டத்தில் இருந்தார்.

ஜூலை 9, புதன்

மேடம் தனியாகத்தான் இருந்தார். ஆனால் தலைவலி மாதிரி தெரிந்தது.

ஜூலை 11, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

மேடம் கோபப்படவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போயிருக்கிறது, அது அச்சில் வருவதற்கு முன்னால் முடிவை வெளியில் கொடுத்தால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மூன்று வருட உழைப்பும் வீண் என்றார்.

“எப்ப வரும் மேடம்?”

“அடுத்த வருஷம் ஆரம்பத்துல வரலாம். அவங்க இத்தன வருஷம் குடிச்ச தண்ணிதானம்மா.”

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேசையில் இருந்த முறுக்கை எனக்குக் கொடுத்தார். மேடம் கெட்டவர் இல்லை. எனக்கு இந்த வேலை கொடுத்தவர் அவர். நேர்காணலில் மற்றவர்கள் என்னைச் சத்தமாகப் பேசச் சொன்னபோது, “களத்துல சத்தமாப் பேசுறவங்க வேணாம், கேக்குறவங்கதான் வேணும்” என்று சொன்னவர்.

முடிவு என்ன என்று எனக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் அதை எழுதிவைத்ததே நான்தான்.

ஜூலை 16, புதன்

பள்ளிக்கூடத்தில் பல் விழிப்புணர்வு முகாம் நடத்தினோம். குழு வருவதற்குள் இரண்டு நிகழ்ச்சிகளாவது நடத்திப் படம் எடுத்தாக வேண்டுமாம். குழந்தைகளுக்குப் பிரஷும் பற்பசையும் கொடுத்தோம். பற்பசைப் பெட்டியைத் திருப்பிப் படித்தேன். ஃப்ளோரைடு சேர்க்கப்பட்டது, பற்களை உறுதியாக்கும் என்று போட்டிருந்தது. மேடத்திடம் காட்டினேன். “ஐயோ” என்றார். அதற்குள் பாதிப் பேர் பிதுக்கித் தின்றுவிட்டார்கள்.

போட்டோக்காரர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, “சிரிங்க, சிரிங்க” என்றார். ஒரு குழந்தையும் சிரிக்கவில்லை. “அந்த மேடமாவது சிரிக்கலாமே” என்று என்னைக் காட்டினார். கேமராவின் பை தரையில் கிடந்தது. அதை எடுத்துவைக்கப் போனேன்.

மாதம்மாள் அக்காவின் மகள் ரோஜா ஏழாவது படிக்கிறாள். நன்றாகப் பேசுவாள், ஆனால் இப்போது பேசும்போது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள்கிறாள்.

“உன்னப் பாத்துதான் இவளும் இப்பிடி வாய மூடிப் பேசுறா” என்றார் அக்கா.

நான் அப்படிப் பேசுகிறேனா என்ன?

ஜூலை 20, ஞாயிறு

விடுமுறை. அரூர்ப் பக்கத்திலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். பையன் நல்ல மாதிரி. ஏதாவது பேசும்மா என்றார் அவருடைய அக்கா. பேசினேன். சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். கேசரி மீந்துபோனது.

அம்மா எலுமிச்சம்பழமும் அடுப்புக்கரியும் எடுத்துவந்து வைத்தார். எங்கள் ஊருக்கும் மேட்டுக்கொல்லைக்கும் நடுவில் ஒரு சின்னக் கரட்டுக் குன்றுதான். ஆய்வு எங்கள் ஊரில் நடக்கவில்லை என்பதால் அதைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

ஜூலை 22, செவ்வாய்

குழு வரும்போது என்ன செய்வார்கள் என்று இன்றைக்கு ஒத்திகை பார்த்தோம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மதிப்பெண் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தரையில் கோலமாவால் ஒரு வட்டம் போட வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் பத்துப் புளியங்கொட்டை கொடுக்க வேண்டும். “இந்த ஆய்வால் குடிநீர் விஷயத்தில் உங்களுக்கு எவ்வளவு பயன்?” என்று கேட்க வேண்டும். நிறையப் பயன் என்றால் பத்தையும் வட்டத்தில் போடலாம். கொஞ்சம் என்றால் கொஞ்சம் போட்டுவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

பெருமாயி அக்கா முதலில் வந்தார். கொட்டைகளைக் கையில் குலுக்கிப் பார்த்தார்.

“தண்ணி வந்துச்சா?”

“இல்லக்கா.”

“பேப்பர் வந்துச்சா?”

“இல்ல.”

“பிரஷ் வந்துச்சி.” ஒரு கொட்டையைப் போட்டார். திரும்பிப் போனவர் மறுபடி வந்து இன்னொன்று போட்டார். “இது உன் மொகத்துக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள், ஒன்று, இரண்டு. ஒரு பாட்டி ஒன்றும் போடாமல் பத்தையும் முந்தியில் முடிந்துகொண்டார். வறுத்துத் தின்னலாமாம். மாதம்மாள் அக்கா குனிய முடியாமல் நின்ற இடத்திலிருந்தே எறிந்தார். மூன்றில் ஒன்று வட்டத்துக்கு வெளியே விழுந்தது. அதை எடுத்து உள்ளே போடவா என்றேன். “விழுந்த எடத்துல இருக்கட்டும்” என்றார்.

மொத்தத்தைக் கூட்டி மேடத்துக்கு அனுப்பினேன்.

ஜூலை 23, புதன்

மேடம் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“நீ கேள்விய சரியா வெளக்கல. பயன்னா குழாய் மட்டும் இல்லம்மா. விழிப்புணர்வு ஒரு பயன். நம்மகூட வந்து சேந்து ஆய்வு செஞ்சாங்களே, அது ஒரு பயன். இதையெல்லாம் சொன்னியா?”

“சொன்னேன் மேடம்.”

“மெதுவாச் சொல்லியிருப்ப.” ஜன்னலையும் சாத்தினார். “இந்த மார்க்க வச்சுத்தான் அடுத்த மூணு வருஷத்துக்குத் திட்டம் நீளுமா நிக்குமான்னு முடிவு பண்ணுவாங்க. எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு, நான் வகுப்பெடுத்துப் பொழைச்சுக்குவேன். உன் வேலையத்தான் நெனைச்சுப் பாக்குறன்.”

திங்கட்கிழமை மறுபடி போய் விளக்கிவிட்டு வரச் சொன்னார்.

வீட்டில் அப்பாவுக்கு மாம்பழக் கம்பெனியில் சீசன் முடிந்துவிட்டது.

ஜூலை 28, திங்கள்

போனேன். விளக்கினேன். விழிப்புணர்வு, பங்கேற்பு எல்லாம் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் இல்லை, நன்றாகவே சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு மாதம்மாள் அக்கா என்னை பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். தாங்கித் தாங்கித்தான் நடப்பார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

“நான் ஒண்ணு கேக்குறன், மறைக்காமச் சொல்லு பாப்பா. கொட்டையக் கொறைச்சலாப் போட்டா உன் வேலை போயிடுமா?”

பஸ் வந்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஊர் வரைக்கும் நடந்தேன். பஸ் அங்கே வந்து என்னை ஏற்றிக்கொண்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புளியங்கொட்டை, கோலமாவு, பாய், வெள்ளைத் துண்டு, இளநீர். சரிபார்த்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

குழுவில் மூன்று பேர். இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. மூன்றாமவர் சென்னைக்காரர், வயதானவர், கேழ்வரகுக் களியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குடிக்க அவர்களுக்கு மேடம் காரில் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தார்.

காலனிப் பெண்கள் எல்லோரும் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி புடவை கட்டியிருந்தார்கள். அப்போதே எனக்கு என்னவோ போல இருந்தது.

வட்டம் போட்டேன். சென்னைக்காரர் தானே கேள்வியைப் படித்தார். பெருமாயி அக்கா முதலில் வந்தார். கையை அப்படியே வட்டத்துக்குள் கவிழ்த்தார். பத்து.

அடுத்தவர் பத்து. அதற்கு அடுத்தவரும் பத்து. ஒவ்வொருவரும் போட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். மாதம்மாள் அக்கா எறியவில்லை. ரோஜாவின் கையில் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். ஒன்றுகூட வெளியே விழவில்லை. ஒத்திகையில் கொட்டையை முடிந்துகொண்டு போன பாட்டி இன்றைக்கு அதையும் அவிழ்த்து வட்டத்தில் போட்டார்.

அதனால் கூட்டிச் சதவீதம் போட்டுப் பார்த்தபோது நூற்றுக்கு மேல் வந்தது. தமிழ் தெரியாத இருவரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். நூறு என்றே வைத்துக்கொண்டார்கள்.

“நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?” என்று சென்னைக்காரர் என்னிடம் கேட்டார். சொன்னேன். துப்பட்டா முகத்தில் இருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. “என்னம்மா?” என்று குனிந்தார். மேடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

கார் போன பிறகு பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஏன்க்கா இப்பிடிப் போட்டீங்க?”

“பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால பொண்ணோட கொறையச் சொல்லுவாங்களாடி?” என்றார் பெருமாயி அக்கா. “மார்க்குன்னா உனக்குத்தான. எங்களுக்கெதுக்கு மார்க்கு? நாங்க என்னா பரீட்சையா எழுதுனோம்?”

“பத்துக்குப் பத்துன்னா பாஸ்தான?” என்று கேட்டாள் ரோஜா.

ஆகஸ்ட் 9, சனி

நாளிதழில் வந்திருக்கிறது. ‘பல்கலைக்கழக ஆய்வால் குடிநீர்ப் பயன்: நூறு சதவீதம் திருப்தி, மலைக்கிராம மக்கள் மகிழ்ச்சி.’ மேட்டுக்கொல்லை மலைக்கிராமம் இல்லை. படத்தில் வட்டமும் கொட்டைகளும் தெரிகின்றன. என்னுடைய கை தெரிகிறது.

அப்பா அதை வெட்டி எடுத்துவைத்தார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறைதான். ஆனாலும் கிராமசபைக்குப் போனேன். பின்வரிசையில் நின்றுகொண்டேன்.

கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, வரவு செலவு படித்த பிறகு மாதம்மாள் அக்கா மனுவை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். எங்கள் ஆய்வு முடிவு இல்லாத மனு. வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். ரோஜாவையும் காட்டச் சொன்னார். அவள் கையை எடுக்கவில்லை.

ஒன்றியத்திலிருந்து வந்திருந்த அலுவலர் மனுவை வாங்கிப் படித்தார். பிறகு பையிலிருந்து அந்த நாளிதழை எடுத்தார்.

“ஏம்மா, போன வாரம்தான உங்களுக்குத் தண்ணி விஷயத்துல நூறு சதவீதம் பயன்னு டெல்லிக்காரங்ககிட்ட சொல்லியிருக்கீங்க? யுனிவர்சிட்டிலயிருந்து ஆபீசுக்கே அறிக்கை வந்திருக்கு, பயனடைந்த ஊர்னு. அத வச்சு உங்க பேர இந்தத் தடவப் பட்டியல்லயிருந்து எடுத்தாச்சு. இன்னும் கஷ்டத்துல இருக்குற ஊருக்குத்தான மொதல்ல குடுக்கணும்?”

“அது எங்க தண்ணிக்குப் போட்டதில்லீங்க” என்றார் அக்கா.

“பின்ன எதுக்குப் போட்டது?”

அக்கா கூட்டத்தில் யாரையோ தேடினார். எனக்கு முன்னால் உயரமான ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா திரும்ப அலுவலரைப் பார்த்து, “சும்மா போட்டதுங்க” என்றார்.

வெளியே வந்த பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இங்கே எழுத எனக்கு எளிதாக இருந்திருக்கும். பெருமாயி அக்கா மட்டும் மிட்டாயின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார். “மார்க்கு ஒனக்கு, பேரு அவங்களுக்கு, கொட்டை எங்களுக்கு.”

“விடு பெருமாயி” என்றார் மாதம்மாள் அக்கா. பிறகு என்னிடம், “உன் வேலை நெலைச்சிடுச்சா பாப்பா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். முந்தின நாள்தான் மூன்று வருடத்துக்கு நீட்டித்து உத்தரவு வந்திருந்தது.

“அதுவாச்சும் ஆச்சே” என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை.

மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாம அளக்குறவங்க வெண்ணிலா. தண்ணி குடுக்குறவங்க வேற. அந்த ஆபீசர் அறிக்கையத் தப்பாப் படிச்சதுக்கு நாம என்ன செய்ய முடியும்?”

“மார்க் தப்புன்னு எழுதிக் குடுக்கலாம் மேடம்.”

“எழுதுனா அதுக்கப்புறம் எந்த ஊர்ல நாம போட்ட எந்த மார்க்க நம்புவாங்க?” அதற்குப் பிறகு மெதுவாக, “உனக்கு வேலை வேணாமா?” என்றார். அதட்டவில்லை. உண்மையாகவே கேட்டார்.

நாற்காலியை இருந்த இடத்தில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முழு அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. வழவழப்பான தாள். அட்டையில் ஒரு சிறுமி டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டுச் சிரிக்கிறாள். வெள்ளை வெளேரென்று பல். எங்கள் படங்களில் சிரிக்கிற முகம் கிடைக்கவில்லை என்று இணையத்திலிருந்து எடுத்தார்களாம்.

உள்ளே நன்றி சொல்லும் பக்கத்தில் காலனி மக்களுக்கு ஒரு வரி. அதற்கு மேலே என் பெயர்.

இரண்டாம் கட்ட ஆய்வு வேறு மாவட்டத்தில். மேட்டுக்கொல்லையில் நோக்கம் நிறைவேறிவிட்டதாம். இனி அங்கே தண்ணீர் பாட்டிலோடு யாரும் போகப்போவதில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

வேலை எதுவும் இல்லாமலே காலனிக்குப் போனேன். பள்ளிக்கூடத்துப் போர்வெல்லில் மதிய உணவுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரோஜா ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் வாயை மூடியபடி என்னிடம் பேசினாள். குடம் சரிந்தது. “ரெண்டு கையாலயும் பிடி” என்றேன். அப்படியானால் பேச மாட்டேன் என்று தலையாட்டினாள்.

நான் என் கையைக் கீழே எடுத்தேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு, “அக்கா, உங்களுக்குமா?” என்றாள்.

ஆமாம் என்று வாயைத் திறந்து சொன்னேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாளைக்கு இந்த நாட்குறிப்பைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மாலையில் மேடம் கையில் வாங்கி எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்தார். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தார். பல் விழிப்புணர்வு முகாம் பக்கமாக இருக்க வேண்டும், லேசாகச் சிரித்தார். “பரவால்லயே, நல்லா எழுதுற” என்று திருப்பிக் கொடுத்தார். உறையில் போட்டு ஒட்டி, முகவரி எழுதி நானே தபாலில் சேர்க்க வேண்டும்.

அதனால் இனிமேல் எழுதுவது மேடத்துக்குத் தெரியாது.

ஐயா, நீங்கள் களி சாப்பிட்டவராக இருந்தால் நன்றாக இருக்கும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். இதுவரைக்கும் எழுதியதெல்லாம் தாளை நிரப்ப எழுதியது இல்லை. கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. கேட்கத் தைரியம் வராமல் வேறு வேறாக எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துப் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 4.8 மில்லிகிராம். அனுமதித்த அளவு ஒன்றரை. கட்டுரை வருவதற்கு முன் இதை நான் வெளியில் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்கள் உங்களிடம் பொய் சொல்லவில்லை. நீங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள், அவர்கள் என்னைப் பற்றிப் பதில் சொன்னார்கள். எனக்குப் பத்துக்குப் பத்துப் போட்டார்கள். அதற்கு நான் தகுதியில்லாதவள் என்று எழுதினால் அடக்கம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அடக்கம் இல்லை. பஸ் நிறுத்தத்தில் என்னிடம் நேராகக் கேட்ட ஒருவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

மார்க் தப்பு என்றால் திட்டம் நின்றுபோகும் என்று தெரியும். யார் வேலை போகும் என்றும் தெரியும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நல்ல மார்க் வாங்கிய ஊருக்கு இனி யாரும் வரப்போவதில்லை. தோற்றுப்போன ஊர் என்றாலாவது ஏன் தோற்றது என்று கேட்க ஒருவர் வருவார். ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நூறு என்று போட்டிருக்கிற இடத்தில் அடித்துவிட்டு, எங்கள் ஆய்வால் மேட்டுக்கொல்லை காலனிக்குக் கிடைத்த பயன் சுழியம் என்று எழுதுங்கள். அதை மேடத்துக்கு அனுப்பாமல் ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.